கொம்பில்லாத மூன்றாவது மான்

2023 ஜூலையில் அம்மா டப்ளினுக்கு வந்திருந்தாள். தங்கிய மூன்று வாரத்தில் முதல் வாரம் முழுக்க மழை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மழை என்றால் அடித்துப் பெய்யும், ஓய்ந்துவிடும். இங்கே பெய்வதைப் பார்த்து, "இது என்னய்யா, வாசல் தெளிக்கிற மாதிரி நாள் முழுக்கத் தெளிச்சுக்கிட்டே இருக்கு" என்றாள். வீட்டுக்குள்ளேயே கிடந்தவளை எங்காவது கூட்டிப்போக வேண்டும். டிக்கெட் எடுக்கிற இடம் என்றால் யூரோவை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிடுவாள். மெரியன் தெருவில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது. அங்கே போனோம்.

1857இல் திறந்த கட்டடம். பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் பழைய கண்ணாடிப் பெட்டிகளில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஊர்க்காரர்கள் அதை 'செத்த மிருகக்காட்சிசாலை' என்றுதான் சொல்வார்கள். (இப்போது வந்தால் பார்க்க முடியாது. புதுப்பிப்பதற்காக 2024இல் மூடிவிட்டார்கள்.) கீழ்த்தளத்தில் நுழைந்ததுமே எதிரில் நிற்பவை மூன்று ராட்சத மான்களின் எலும்புக்கூடுகள். இரண்டு ஆண், ஒரு பெண்.

மெகாலோசெரஸ் ஜைஜான்டியஸ் என்பது அதன் அறிவியல் பெயர். தோள் உயரம் மட்டும் 2 மீட்டர். அதற்கு மேல் கழுத்து, தலை, அதற்கும் மேல் முறம்போல் விரிந்த தகட்டுக் கொம்புகள். இந்த இனத்தில் கொம்பின் அகலம் நுனிக்கு நுனி மூன்றரை மீட்டரைத் தாண்டும். எங்கள் வீட்டு ஹால் அவ்வளவு அகலம் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "செண்பகத்தோப்பு மிளாவுக்குப் பெரியப்பன் மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

நான் உடனே வழிகாட்டி வேலையில் இறங்கிவிட்டேன். எனக்கு யாரோ சொன்னதை அப்படியே சொன்னேன். கொம்பு அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது, பாரம் தாங்க முடியவில்லை, காட்டுக்குள் ஓடினால் மரத்தில் சிக்கும், ஏரியில் தண்ணீர் குடிக்கக் குனிந்தால் சேற்றில் இழுத்துவிடும், அப்படியே அழிந்துபோனது. அம்மாவுக்கு இந்தக் கதை புதிதல்ல. நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததுதானே: தண்ணீரில் தன் நிழலைப் பார்த்துக் கொம்பை மெச்சிக்கொண்டு, குச்சிக் காலை இகழ்ந்த கலைமான். கடைசியில் கால் காப்பாற்றும், கொம்பு புதரில் மாட்டிக்கொடுக்கும்.

அவள் கேட்டுக்கொண்டே மூன்றாவது எலும்புக்கூட்டுப் பக்கம் போய் நின்றாள்.

"இது என்ன, மொட்டையா நிக்கி?"

"அது பொட்டைம்மா. இதுல பொட்டைக்குக் கொம்பு கிடையாது."

"அப்ப இது எப்படிய்யா செத்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டாக இந்த ஊரில் இருக்கிறேன். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் இந்த மான்களிடம் கூட்டி வந்து இதே கதையைச் சொல்லியிருக்கிறேன். யாரும் இதைக் கேட்டதில்லை. எனக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து கைபேசியைப் பார்த்தால் இருபதுக்கு மேல் படங்கள், எல்லாமே கொம்பு. மூன்றாவது மான் ஒரே ஒரு படத்தில், அம்மாவின் தோளுக்குப் பின்னால் பாதி தெரிந்தது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பெயர். உலகம் இதை 'ஐரிஷ் எல்க்' என்கிறது. அந்தப் பெயரில் இரண்டே சொல், இரண்டும் தப்பு. அயர்லாந்துக்கு மட்டும் சொந்தமான விலங்கு இல்லை. மேற்கே அயர்லாந்து தொடங்கி கிழக்கே சைபீரியாவின் பைக்கால் ஏரி வரை மேய்ந்தது. அயர்லாந்தின் ஏரிக் களிமண் எலும்பை நன்றாகக் காப்பாற்றித் தந்ததால் இங்கே நிறையக் கிடைத்தது, அவ்வளவுதான். எல்க்கும் இல்லை. ஐரோப்பாவில் எல்க் என்றால் மூஸ். அமெரிக்காவில் எல்க் என்றால் வேறொரு பெரிய மான். இலங்கையை ஆண்ட வெள்ளைக்காரர்கள் ஹார்ட்டன் சமவெளியில் வேட்டையாடிய மரையையும் எல்க் என்றே எழுதி வைத்தார்கள். நம்மூரில் மிளா, கடமான் என்கிறோமே, அதே விலங்குதான். பெரிய மான் எதைப் பார்த்தாலும் எல்க் என்று சொல்லிவிடுவது அவர்கள் பழக்கம்போல.

இதை முதலில் அறிவியலாக எழுதியவர் தாமஸ் மோலினியூ என்ற டப்ளின் மருத்துவர். 1697இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் கட்டுரை வந்தது. மீத் மாவட்டத்தில் டார்டிஸ்டவுன் என்ற இடத்தில் தோண்டி எடுத்த தலையை அளந்து, படம் போட்டு, இது அமெரிக்காவில் திரியும் மூஸ்தான் என்று முடிவுகட்டினார். முடிவு தப்பு. ஆனால் அவர் அங்கே போய்ச் சேர்ந்த வழியை வாசித்தால் சிரிக்கத் தோன்றாது. கடவுள் படைத்த ஓர் உயிரினம் பூமியிலிருந்தே முற்றாக இல்லாமல் போகாது என்பது அந்தக் காலத்துப் படித்தவர்களின் நம்பிக்கை. அப்படியானால் இங்கே செத்தது வேறெங்காவது உயிரோடு இருந்தாக வேண்டும். எங்கே? ஐரோப்பியர்களுக்கு அப்போது சரியாகத் தெரியாத பெரிய கண்டம் அமெரிக்கா. அங்கே மூஸ் என்று ஒரு ராட்சத மான் இருப்பதாகச் சொல்கிறார்கள். கணக்கு முடிந்தது. சரி, அயர்லாந்தில் ஏன் இல்லாமல் போனது? காற்றுக் கெட்டு ஏதோ கொள்ளைநோய் வந்திருக்கும் என்றார். மருத்துவர் அல்லவா.

ஊர் மக்களுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கொம்பை வேலிக் கதவுக்குத் தூணாக நட்டார்கள். டைரோன் மாவட்டத்தில் ஓர் ஓடையைக் கடக்க ஒரு ஜோடிக் கொம்பையே பாலமாகப் போட்டிருந்தார்களாம். வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்ற செய்தி வந்தபோது ஆன்ட்ரிம் மாவட்டத்தில் இந்த எலும்புகளைக் குவித்துச் சொக்கப்பனை கொளுத்தினார்கள் என்றும் படித்தேன். கொஞ்சம் காசு பார்த்தவர்கள் மாளிகைச் சுவர்களுக்குக் கொம்புகளை விற்றார்கள். வாங்குகிறவர் கேட்பது கொம்பை. கொம்பில்லாத மண்டையோட்டை யார் வாங்கித் தொங்கவிடுவார்கள்?

1812இல் பாரிஸில் குவியே என்ற விலங்கியலாளர் இந்த எலும்புகளை உயிரோடிருக்கும் மான்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இது மூஸும் இல்லை, வேறெந்த மானும் இல்லை, உலகத்திலேயே இப்போது இல்லாத ஒன்று என்று நிறுவினார். ஓர் உயிரினம் அடியோடு அழியக்கூடும் என்பதை ஐரோப்பா ஏற்றுக்கொண்டதில் மாமத் யானையைப் போலவே இந்த மானுக்கும் பங்கு உண்டு.

அழிந்தது என்று ஒப்புக்கொண்டதும், ஏன் அழிந்தது என்ற கேள்வி வந்தது. அங்கேதான் நம் பள்ளிக்கூடக் கதை கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நுழைகிறது. டார்வினை ஏற்காத சில அறிஞர்கள், பரிணாமம் ஒரு திசையில் கிளம்பிவிட்டால் நிற்காது என்றார்கள். பிரேக் பிடிக்காத லாரி மாதிரி. கொம்பு பெரிதாக ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை, கடைசியில் சொந்தக்காரனையே கவிழ்த்துவிட்டது. இந்த விளக்கத்துக்கு அவர்கள் காட்டிய முதல் சாட்சி இந்த மான். இருபதாம் நூற்றாண்டு வரை பாடப்புத்தகங்களில் இதுதான் ஓடியது. நான் அம்மாவிடம் சொன்னதும் இதன் மிச்சம்தான்.

1974இல் ஸ்டீஃபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் ஒரு வேலை செய்தார். அருங்காட்சியகங்களிலும் மாளிகைகளிலும் மாட்டியிருந்த தலைகளைத் தேடிப்போய் நாடா பிடித்து அளந்தார். அதுவரை இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களில் யாரும் முறையாக அளந்து பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அவர் கண்டது: மான் குடும்பத்திலேயே உடம்பு பெரிதாகப் பெரிதாகக் கொம்பு அதைவிட வேகமாகப் பெரிதாகும். இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு பெரிய கொம்பு வழக்கமான கணக்குத்தான். தகடு முன்பக்கம் பார்த்து விரிந்திருப்பதால் தலையைத் திருப்பாமலே எதிராளிக்கும் பெண்ணுக்கும் முழுக் கொம்பையும் காட்ட முடியும் என்றார்.

வெறும் பகட்டுக்குத்தானா என்று அடுத்த சந்தேகம். ஆண்ட்ரூ கிச்சனர் 1987இல், சண்டை போடவும் இது தாங்கும் என்று காட்டினார். 2019இல் கணினியில் கொம்பின் மாதிரியைச் செய்து அழுத்திப் பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். தலையைத் தாழ்த்தி, அடிப்பக்கத்துக் கிளைகளைப் பூட்டிக்கொண்டு முறுக்கித் தள்ளலாம். நுனியில் வாங்கினால் முறியும். நம்மூர்க் கிடாய் முட்டுகிற மாதிரி ஓடிவந்து மோதுகிற சண்டை இல்லை.

எல்லாவற்றையும்விட எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. இந்த இனம் சுமார் 4 லட்சம் ஆண்டுகள் பூமியில் இருந்தது. நாம் இன்னும் அவ்வளவு காலம் இருந்து காட்டவில்லை. தலையில் இருப்பதே எமனாக இருந்தால் அத்தனை காலம் ஓட்டியிருக்க முடியுமா?

ஒரு சின்ன விலகல். அந்த எலும்புக்கூட்டில் கழுத்துக்குப் பின்னால், தோளுக்கு மேலே முதுகெலும்பின் முட்கள் உயர்ந்து நிற்கும். "இங்க ஏன் தூக்கிக்கிட்டு இருக்கு" என்று அம்மா அதையும் கேட்டாள். அங்கே திமில் இருந்தது. கொழுப்பும் தசையும் மண்ணில் தங்காது என்பதால் எலும்பை மட்டும் வைத்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது. சொன்னவர்கள் இந்த மானை நேரில் பார்த்த ஓவியர்கள். பிரான்சில் ஷோவே குகையிலும் கூன்யாக் குகையிலும் பாறையில் வரைந்து வைத்திருக்கிறார்கள், எடுப்பான திமிலோடு. ஷோவே படங்களுக்கு 30,000 வயதுக்கு மேல். அந்தக் குகையின் ஒரு பகுதிக்கே இந்த மானின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். காங்கேயம் காளையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தத் திமில் உடனே பிடிபடுகிறது.

சரி, கொம்புக்கு வருகிறேன். மாட்டுக்கொம்பும் மான்கொம்பும் நமக்கு ஒரே சொல், ஆனால் ஒரே பொருள் அல்ல. மாட்டுக்கு உள்ளே எலும்பு, மேலே நகம் போன்ற உறை, ஆயுசுக்கும் ஒரே கொம்பு. மானுக்கு முழுக்கவே எலும்பு. வருடத்துக்கு ஒருமுறை உதிரும், அடியிலிருந்து மறுபடி முளைக்கும். வளரும் வரை மேலே ரத்தம் ஓடும் மெல்லிய ரோமத்தோல் மூடியிருக்கும். முற்றியதும் அதை மரத்தில் தேய்த்து உரித்துவிடும். மெகாலோசெரஸின் ஒரு ஜோடிக் கொம்பு 40 கிலோ வரை எடை. அத்தனையும் நான்கைந்து மாதத்தில் வளர்ந்து முடிய வேண்டும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் மாறியது. "வருசா வருசமா? அம்புட்டுக்கும் சுண்ணாம்புச் சத்துக்கு எங்கய்யா போகும்?"

அவள் ஆறாவது வரைதான் படித்தாள். ஆனால் நாற்பது வருடம் மாடு வைத்திருந்தவள். எங்களிடம் லட்சுமி என்று ஒரு ஜெர்சி கலப்புப் பசு இருந்தது. மூன்றாவது ஈற்றில் கன்று போட்ட மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. கழுத்தை மடக்கி விலாவில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டது. காது சில்லிட்டுக் கிடந்தது. பால் காய்ச்சல். மடியில் பால் இறங்கும்போது உடம்பு முழுவதிலுமிருந்து கால்சியம் வடிந்துவிடும், எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்ட உடம்புக்கு நேரம் போதாது. டாக்டர் வந்து கழுத்து நரம்பில் கால்சியம் பாட்டில் ஏற்றினார். பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது நான். எனக்கு அப்போது பத்து வயது, கை கடுத்தது. அரை மணி நேரத்தில் லட்சுமி எழுந்து நின்று சாணி போட்டது.

மானின் கணக்கும் அதேதான். கொம்பு வளரும் மாதங்களில் தின்கிற தீனியில் இருக்கும் கால்சியமும் பாஸ்பரஸும் போதாது. விலா எலும்பு போன்ற இடங்களிலிருந்து கடன் வாங்கும். அந்த மாதங்களில் எலும்பு மெலிவதை இன்றைய மான்களில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். பிறகு நல்ல மேய்ச்சலில் கடனை அடைக்க வேண்டும். கொம்பு முற்றியவுடன் இணைசேரும் பருவம். ஆண் மான் அப்போது சரியாகத் தின்னாது, சண்டையிலும் துரத்தலிலும் கொழுப்பையெல்லாம் கரைத்துவிடும். உடனே பின்னால் குளிர்காலம் வந்து நிற்கும். 1999இல் இந்த வரவு செலவைக் கணக்குப்போட்ட மோயன், பேஸ்டர், கோஹன் என்ற மூவர், மேய்ச்சல் குறைந்தால் முதலில் அடிவாங்குவது இந்தக் கடன் அடைக்கும் வேலைதான் என்று காட்டினார்கள்.

மேய்ச்சல் குறைந்தது. ஏறக்குறைய 12,900 ஆண்டுகளுக்கு முன்னால், பனியுகம் முடிந்து சூடாகிக்கொண்டிருந்த பூமி திடீரென்று மறுபடி குளிர்ந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீடித்த குளிர். அயர்லாந்தின் புல்வெளியும் வில்லோப் புதர்களும் சுருங்கின. கோடை குறுகிப்போனது.

டப்ளினுக்குத் தெற்கே மலையில் பாலிபெட்டா என்றொரு சதுப்பு இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மெகாலோசெரஸ்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை. பள்ளமும் ஈரமும் கோரையும்தான். அந்தக் காலத்தில் அது ஏரி. எலும்புகள் கிடைத்தது ஏரியின் அடிக் களிமண்ணில், அதற்கு மேலே மூடியிருக்கும் கரிச்சேறு பிற்காலத்தது. 1980களில் அங்கே ஆய்வு செய்த ஆன்டனி பார்னாஸ்கி, சேற்றில் மூழ்கிய கதை பொருந்தவில்லை என்றார். கிடைத்தவை கிட்டத்தட்ட எல்லாமே ஆண்கள், அதிலும் உடம்பு சிறுத்தவை. குளிர்காலத்தில் ஆண்கள் தனிக் கூட்டமாக ஏரிப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. தெம்பில்லாதவை வருடத்துக்குக் கொஞ்சமாக அங்கேயே விழுந்திருக்கின்றன.

வேட்டையாடி அழித்தார்களா என்றால், அயர்லாந்தைப் பொறுத்தவரை சொல்வது கடினம். கிளேர் மாவட்டத்துக் குகை ஒன்றில் வெட்டுத்தழும்போடு கிடைத்த கரடியின் முட்டி எலும்புக்கு 12,500 வயது. மனித நடமாட்டம் இருந்திருக்கிறது, அதற்கு மேல் அந்த எலும்பை வைத்து எதுவும் கட்ட முடியாது. அந்தக் குளிரில் மான் இங்கே முடிந்தது. உலகத்தில் முடியவில்லை. சைபீரியாவின் மேற்கில் 7,700 ஆண்டுகளுக்கு முன்பு வரை உயிரோடு இருந்ததை 2004இல் நேச்சர் இதழில் வெளியான காலக்கணிப்பு காட்டியது. அப்போது மேற்கு ஆசியாவில் ஆட்கள் கோதுமையும் பார்லியும் பயிரிட்டு ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

மூஸின் சொந்தக்காரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மோலினியூவின் ஆவி சாந்தியடையும். செர்வால்செஸ் என்பது அந்தக் கிளை. ஐரோப்பாவில் இருந்த செர்வால்செஸ் லாட்டிஃப்ரான்ஸ், பூமியில் நடமாடிய மான்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. வட அமெரிக்காவில் இருந்தது செர்வால்செஸ் ஸ்காட்டி. மூஸின் உடம்பு, ஆனால் கொம்பு இன்னும் சிக்கலாகக் கிளைவிட்டது. இதில் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் வருகிறார். புதிய உலகத்து விலங்குகள் எல்லாம் சோப்ளாங்கி என்று பிரான்சின் இயற்கையியலாளர் பூஃபோன் எழுதிவிட்ட கோபத்தில், 1787இல் அமெரிக்காவிலிருந்து ஒரு மூஸை எலும்பும் தோலுமாகப் பாரிஸுக்கு வரவழைத்தார் மனிதர். வந்து சேர்ந்ததில் கொம்பு மட்டும் அதனுடையது இல்லை, வேறு மான்களுடையதை வைத்து அனுப்பியிருந்தார்கள். மோலினியூவைப் போலவே இவரும் எந்த உயிரும் முற்றாக அழியாது என்று நம்பியவர். 1807இல் இவர் சொல்லி வில்லியம் கிளார்க் கென்டக்கியின் பிக் போன் லிக்கில் தோண்டிய எலும்புகளில் ஒரு விநோத மண்டையோடு இருந்தது. அது அழிந்துபோன செர்வால்செஸ். பனியுகத்தின் கடைசியில் அதுவும் போனது.

கிரீட் தீவில் கான்டியாசெர்வஸ் என்று குட்டை மான்கள் இருந்தன, அவற்றில் மிகச் சிறியதன் தோள் உயரம் சுமார் 40 சென்டிமீட்டர்தான். அதில் ஒன்றுக்குக் கதாயுதம்போல் நீண்ட கொம்பு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் இந்தக் கதையின் ஓரத்திலேயே கிடந்தது. பெண் மானுக்கு 40 கிலோ கொம்பு இல்லை. ஆனால் குளிர்காலம் முழுக்க வயிற்றில் குட்டி, கோடை முழுக்க மடியில் பால். அதற்கும் எலும்பிலிருந்துதான் கடன். அடைக்க வேண்டிய காலமும் அதே குறுகிய கோடை. ஆணுக்கு வந்த பில்லைத்தான் எல்லோரும் தலைக்கு மேலே பார்த்தார்கள்.

அவள் ஊருக்குக் கிளம்பும் முந்தைய நாள் வெயில் அடித்தது. ஃபீனிக்ஸ் பார்க் போனோம். 1660களில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட ஃபேலோ மான்களின் வாரிசுகள் சுமார் 600 இன்றும் அங்கே திரிகின்றன. மெகாலோசெரஸுக்கு உயிரோடிருக்கும் மிக நெருங்கிய சொந்தம் இந்த இனம்தான் என்று 2005இல் மரபணு ஆய்வில் தெரிந்தது. நூறு வருடத்துக்கு மேல் மூஸ், மூஸ் என்றவர்கள் இதைப் பார்த்துக்கொண்டே நடந்திருப்பார்கள். "ஐயே, நம்ம புள்ளிமான்" என்றாள் அம்மா. அதே போல் முதுகில் வெள்ளைப் புள்ளிகள். கொடுக்கலாம் என்று பையில் வாழைப்பழம் வைத்திருந்தாள். தீனி போடக்கூடாது என்ற பலகையைக் காட்டி நிறுத்தினேன்.

ஜூலை என்பதால் ஆண்களின் கொம்பு இன்னும் ரோமத்தோலுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. தகடு விரிய ஆரம்பித்திருந்தது, வெயிலில் ஓரங்கள் பழுப்பாக மினுங்கின. நான் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தடியில் ஒரு பெண் மான், தலை நிமிராமல் புல்லைப் பறித்துக்கொண்டிருந்தது. குட்டி அடியில் முட்டி முட்டிக் குடித்தது.

"விலா தெரியுது பாரு" என்றாள். "தின்னுட்டுப் போகட்டும், கிட்டப் போகாத."